ஹோகோனுய் மலையடிவாரத்தில் நான்கு ஜாடிகள்

டனீடனிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. வழியெங்கும் புல்வெளி, செம்மறியாடு, மறுபடியும் புல்வெளி. நியூசிலாந்துத் தென் தீவின் கீழ்க்கோடியை நெருங்கும்போது வருகிற சிறிய ஊர் கோர். ஊருக்குள் மடௌரா ஆறு ஓடுகிறது. மேற்கே ஹோகோனுய் மலைகள். மீன் பிடிப்பவர்கள் ட்ரவுட் மீனுக்காக அங்கே போவார்கள். நான் போனது ஹோகோனுய் மூன்ஷைன் அருங்காட்சியகத்துக்காக. மூன்ஷைன் என்றால் கள்ளத்தனமாக வடித்த சாராயம், இங்கே விஸ்கி.

1870களில் ஸ்காட்லாந்தின் கின்டெயில் பகுதியிலிருந்து வந்து குடியேறிய மெக்ரே குடும்பத்தார், ஊரில் பழகிய வடிக்கும் வித்தையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். 1903 முதல் 1954 வரை இந்தத் தொகுதியில் மதுவிலக்கு. அரை நூற்றாண்டுக் காலம் மலைக்காட்டுக்குள் அடுப்புப் புகைந்தது. பழைய புட்டியொன்றின் லேபிளில் மண்டையோடும் எலும்புகளும் வரைந்து, ‘போலீஸைத் தவிர மற்ற எல்லாச் சோதனைகளிலும் தேறியது’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதன் எதிரில் வெகுநேரம் நின்றேன்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அருங்காட்சியகம் அல்ல, நான் தங்கிய வீட்டின் பின்புறக் கொட்டகை.

வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற தச்சர். நான் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னதும், “அப்படியானால் என்னுடையதையும் பாருங்கள்” என்று எழுந்துவிட்டார். எனக்கு உள்ளூர ஒரு தயக்கம். வீட்டில் காய்ச்சியது என்றால் நம் ஊரில் வளர்ந்தவனுக்கு முதலில் வருவது பயம்தானே! இங்கே சட்டம் வேறு. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வடித்துக்கொள்ள 1996 முதல் அனுமதி உண்டு, உரிமம் இல்லாமல் விற்கத்தான் கூடாது. பார்லி ஊறலைச் செம்புப் பாத்திரத்தில் இரண்டு முறை வடித்து, முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அவருடைய மனம் முழுக்க, வடித்ததை முதிர வைக்கிற மரத்தில் இருந்தது.

மேசையிலிருந்து ஒரு முழம் நீளமுள்ள இரண்டு மரச்சட்டங்களை எடுத்தார். இரண்டும் ஓக். ஒன்று செவ்வோக், மற்றது வெள்ளோக். செவ்வோக்கின் ஒரு முனையைத் தண்ணீர்க் குவளைக்குள் விட்டு மறுமுனையில் வாய் வைத்து ஊதச் சொன்னார். ஊதினேன். கட்டை வழியாகக் காற்று போய் தண்ணீரில் குமிழி குமிழியாக எழுந்தது! வெள்ளோக்கில் மூச்சு முட்ட ஊதியும் ஒரு குமிழிகூட வரவில்லை. வெள்ளோக்கில் வைரம் பாயும்போது அதன் நுண்குழாய்களைச் செல்களின் வளர்ச்சியே அடைத்துவிடுகிறது. பீப்பாய்க்கு அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தை அதற்குமுன் எத்தனையோ இடங்களில் படித்திருக்கிறேன். என் மூச்சே சொன்னபோதுதான் புரிந்தது.

அவரிடம் பீப்பாய் கிடையாது. ஆண்டுக்கு ஐந்தாறு லிட்டர் வடிப்பவருக்கு 200 லிட்டர் பீப்பாய் எதற்கு? சென்ட்ரல் ஒடாகோவின் திராட்சைத் தோட்டம் ஒன்று கழித்துக்கட்டிய ஒயின் பீப்பாயின் பலகைகளை வாங்கி வைத்திருக்கிறார். பிரெஞ்சு ஓக். உட்புறம் ஒயின் ஊறிய செந்நிறம். அதை இழைப்புளியால் சீவித் தள்ளிவிட்டு, விரல் பருமனுக்குத் துண்டு போடுகிறார். துண்டுகளை அலுமினியத் தாளில் சுற்றி அடுப்பில் சுமார் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வாட்டுகிறார். பிறகு எரிவாயுச் சுடரில் மேல்தோல் மட்டும் கரியும்படி ஒரு புரட்டு.

அன்று ஒரு பொட்டலம் அடுப்பில் இருந்தது. எடுத்துப் பிரித்தார். ரொட்டிக் கடை வாசலில் நிற்பதைப் போன்ற மணம், அதற்கு அடியில் வெனிலா. சூட்டில் மரத்தின் ஒரு பகுதி உடைந்து சர்க்கரைகளாகிக் கருகுகிறது. மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினிலிருந்து வெனிலின் பிறக்கிறது. ஐஸ்கிரீமில் நாம் நுகர்கிற அதே வெனிலின்தான். கரிந்த மேல்தோல் சாராயத்திலுள்ள கந்தக வாடையை இழுத்துக்கொள்கிறது.

அலமாரியில் நான்கு கண்ணாடி ஜாடிகள். முதலாவதில் மரம் போடாத வடிநீர், ஊற்றுநீர்போலத் தெளிவு. அடுத்தது மூன்று மாதம், வெளிர்மஞ்சள். மூன்றாவது ஓராண்டு. நான்காவது நான்காண்டு, நல்ல தேன் நிறம். எல்லாவற்றிலும் ஆல்கஹாலை 60 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறக்கித்தான் மரம் போடுகிறார், லிட்டருக்கு ஒரு துண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து காற்று வாங்க விடுகிறார். பீப்பாய் தானாகவே மூச்சு விடும், கண்ணாடி விடாது. கொட்டகைக்குள் வெயிலும் உறைபனியும் மாறி மாறி வருவதால் திரவம் மரத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வருகிறது.

தனியே ஒரு புட்டியும் இருந்தது, காப்பி டிகாஷன் நிறத்தில். முதல் முறை ஆசைப்பட்டு மரச்சிராயைக் கைநிறையப் போட்டாராம். இரண்டே வாரத்தில் நிறம் வந்துவிட்டது. சொட்டு நாக்கில் வைத்தேன். கடுக்காயைக் கடித்ததுபோல ஒரே துவர்ப்பு! அதை அவர் கொட்டவில்லை. புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் கொடுக்கிறாராம்.

மூன்று மாதத்தையும் நான்காண்டையும் சிறிது தண்ணீர் கலந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முன்னதில் மரம் தனி, சாராயம் தனி. வெனிலா வாசனை முடிந்த இடத்தில் தொண்டையைச் சுடும் கூர்மை தொடங்கியது. நான்காண்டில் அந்த இடைவெளி எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. உலர்திராட்சை, வறுத்த பாதாம், கடைசியில் மிக மெல்லிய புகை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் மூன்றாண்டாவது கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் விஸ்கி என்று பெயர். இந்த ஜாடிக்கு அந்தப் பெயரெல்லாம் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. சிராய் போட்டு அவசரமாக நிறம் ஏற்றுவதை இனி யாராவது மெச்சிப் பேசினால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஒன்பது மணிக்கும் வானம் வெளுத்தே இருந்தது. “கோப்பைகளைக் கழுவாதீர்கள், அறைக்கே எடுத்துப் போங்கள்” என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

காலையில் பையைக் கட்டும்போது நினைவு வந்தது. மேசைமேல் இரண்டு கோப்பைகளும் காய்ந்து கிடந்தன. மூன்று மாதக் கோப்பையில் எதுவும் இல்லை. மற்றதன் அடியில் ஒட்டியிருந்த பழுப்பு வளையத்தை முகர்ந்தேன். முந்தைய மாலை அலுமினியத் தாளைப் பிரித்தபோது எழுந்த அதே மணம், வாட்டிய மரம், அப்படியே இருந்தது. பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.