சூறாவளி டெய்லரின் இரண்டு வேலைகள்

பனி ஹாக்கியின் தொடக்ககாலத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் என்னை மிகவும் ஈர்த்தவர் பிரெட் டெய்லர். 1884-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் டாரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். பணம் பெற்று ஆடுவதை இழுக்காகக் கருதிய ஒன்டாரியோ ஹாக்கி சங்கம், டொரன்டோ அணி ஒன்றில் சேர மறுத்ததற்காக அவரை 1904-05 பருவத்தில் ஆடவிடாமல் தடுத்தது. அவர் மனிடோபா மாகாணத்துக்குப் போனார்; அங்கிருந்து, வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் லீக்கில் ஆடுவதற்காக மிச்சிகனின் சுரங்க நகரான ஹௌட்டனுக்குப் போனார்.

அந்த லீக் 1907-இல் கலைந்ததும் ஒட்டாவா அணி அவரை அழைத்தது. ஆட்டச் சம்பளத்தோடு குடியேற்றத் துறையில் ஓர் அரசு வேலையும் கிடைத்தது. பருவத்துக்குப் பருவம் அணியும் லீக்குமே காணாமல் போன அந்நாளில், அந்த எழுத்தர் நாற்காலியே உறுதியான பிழைப்பு என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். 'சைக்ளோன்' (சூறாவளி) என்ற பட்டம் ஆளுநர் நாயகம் கிரே பிரபு சூட்டியது என்பார்கள்.

1909-இல் ஒட்டாவாவுடன், கனடிய ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்ற கையோடு, வெள்ளிச் சுரங்கப் பணம் புரண்ட ரென்ஃப்ரூ அணிக்கு அவர் மாறினார். 12 ஆட்டங்களுக்கு 5,250 டாலர், அதாவது ஓர் ஆட்டத்துக்கு 437 டாலருக்கும் மேல்! அணிக்கு ஏழு பேர் ஆடிய காலம் அது. மாற்று ஆட்டக்காரர் இறங்குவது அரிது என்பதால், அறுபது நிமிடமும் அதே கால்களே ஓட வேண்டியிருந்தது. இவ்வளவு செலவழித்தும் ரென்ஃப்ரூவுக்குக் கோப்பை கிட்டவில்லை. அணியும் நெடுநாள் நீடிக்கவில்லை.

1912-இல் பாட்ரிக் சகோதரர்களின் வான்கூவர் அணியில் சேர்ந்தபோதும் குடியேற்றத் துறை வேலையை அவர் விடவில்லை. 1914 மே மாதம், கனடாவில் குடியேற விரும்பிய, பெரும்பாலும் பஞ்சாபியரான 376 பயணிகளுடன் கோமகாட்டா மாரு கப்பல் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தபோது அதில் முதலில் ஏறிய கனடிய அதிகாரி டெய்லர்தான். இந்த வரியை முதன்முறை படித்தபோது சற்றே திகைத்துப்போனேன். ஒரு சிலரைத் தவிர எவரையும் கரையிறங்க விடாமல் இரண்டு மாதம் நிறுத்திவைத்து, ஜூலை 23 அன்று கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். மறு ஆண்டு மார்ச்சில், செயற்கைப் பனித்தளம் கொண்ட டென்மன் அரங்கில், வான்கூவர் அணி தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் ஒட்டாவாவைத் தோற்கடித்து ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றியது. டெய்லருக்கு அது பழைய அணியின் மீதான வெற்றி.

1920-களின் தொடக்கத்தில் ஆட்டத்தை நிறுத்திய அவர், குடியேற்றத் துறையில் ஆணையர் பதவி வரை உயர்ந்து 1950-இல்தான் ஓய்வுபெற்றார்.