பலகையில் என்ன எழுதுவது?

அக்டோபர் 14, செவ்வாய்

தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்டார். பள்ளித் தோட்டத்து வேலியில் படர்ந்திருக்கும் செங்காந்தளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்க வேண்டுமாம். "மாநில மலர், அழிந்துவரும் மலர்னு பெருசா போட்டுடுங்க சார்." முதலாவது சரி. இரண்டாவதை எழுதத்தான் கை வரவில்லை. ஐயூசிஎன் என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் செம்மரம் 'அருகிவரும் இனம்'. செங்காந்தளோ கவலைப்பட வேண்டாத கடைசிப் பிரிவில் இருக்கிறது. காக்கைக்கும் அதே இடம்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. வீட்டில் முறுக்குப் பிழிய ஆள் தேடினார்கள், நான் வேலூருக்கு வெளியே அமிர்திக் காட்டுச் சாலைப் பக்கம் நழுவிவிட்டேன். மழை பெய்து புதர்க்காடு பச்சையாகிவிட்டது. காரைப் புதர் ஒன்றில் ஒரே ஒரு செங்காந்தள் கொடி. இலை நுனி சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்திருந்தது. அதுதான் இதற்குப் பற்றுக்கம்பி. பூ தலைகீழாகத் தொங்குகிறது, ஆறு இதழ்களும் அலையலையாக மேல்நோக்கி மடங்கியிருக்கின்றன. புதிதாக விரிந்ததில் அடி மஞ்சள், நுனியில் இன்னும் பச்சை. கீழே இருந்த பழைய பூ முழுச் சிவப்பு. சூல்தண்டு நேராக நீளாமல் சட்டென்று பக்கவாட்டில் மடங்கி வெளியே நிற்கிறது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து நின்றார். "கண்வலிப் பூவா வாத்தியாரே? முன்னெல்லாம் இந்த வேலி பூரா இருந்துச்சி. கெயங்கு வேணும்னு ஆளுங்க வந்தாங்க. தோண்டிக் குடுத்தோம், காசு குடுத்தாங்க." யார் வந்தார்கள் என்று கேட்டேன். "வண்டியில வந்தாங்க" என்பதோடு சரி.

அக்டோபர் 23, வியாழன்

ஏன் கிழங்கு? ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் இதைப் பந்தல் போட்டுப் பயிராக்குகிறார்கள். விற்பது விதையை. அதிலிருந்து எடுக்கும் கொல்கிசின் கவுட் என்கிற மூட்டுவலிக்கு மருந்து. காலையில் ஆட்களே பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைப்பார்கள். ஆனால் விதை போட்டு வளர்த்தால் பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். யார் காத்திருப்பார்கள்? கிழங்கு நட்டால் அந்தப் பருவத்திலேயே காசு. ஆக, விதைக்குப் பயிர் வந்துவிட்டது, காடு தப்பித்தது என்று சொல்லிவிட முடியாது. நடுவதற்கான கிழங்கை எங்கிருந்தோ தோண்டித்தானே ஆக வேண்டும்?

அந்தக் கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகக் கிளைத்திருக்கும். முளை கொம்பின் நுனியில்தான். அவசரத்தில் கடப்பாரை பட்டு நுனி ஒடிந்தால் அந்தக் கொம்பு தேறாது.

நவம்பர் 2, ஞாயிறு

பட்டியல் எப்படிப் போடுகிறார்கள் என்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டம் போட்டு, செடி உள்ள கட்டங்களை எண்ணுகிறார்கள். மொத்தப் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்குக் கீழே போய், இடமும் துண்டுதுண்டாகிச் சுருங்கிக்கொண்டே வந்தால் 'அருகிவரும் இனம்' ஆகலாம். 10 சதுர கிலோமீட்டருக்கும் கீழே என்றால் இன்னும் மோசமான பிரிவு. செங்காந்தளோ ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை கிடக்கிறது. ஜிம்பாப்வேக்குத் தேசிய மலரே இதுதான். அமிர்திப் புதரெல்லாம் காலியானாலும் உலகக் கணக்கில் ஒன்றும் அசையாது. கணக்கைக் குறை சொல்ல முடியாது, அது கேட்கிற கேள்வி வேறு. ஒரு பகுதிக்கு மட்டும் தனியாக மதிப்பிடவும் அவர்களே வழிமுறை வைத்திருக்கிறார்கள்.

நம் பகுதிக்கு அப்படிச் செய்தால் என்ன என்று ஆசை. ஆனால் காயவைத்துப் பாதுகாக்கும் பழைய தாவர மாதிரிகளின் சீட்டில் எங்கள் பழைய மாவட்டப் பெயரான 'வட ஆற்காடு' மட்டும் இருந்தால் எந்தக் கட்டத்தில் வைப்பது? 1911க்கு முன்பு சித்தூரும் அதில் சேர்த்தி. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, மீதியிருந்த வேலூர் மாவட்டமும் 2019இல் மூன்றானது. பெரியவர் காட்டிய வேலி அதைவிடத் துல்லியமான தகவல்.

நவம்பர் 5, புதன்

எழுதிக் கொடுத்தேன்: "செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். உலக அளவில் ஆபத்தில்லை. நம் ஊர்ப் புதர்களில் கிழங்கு தோண்டப்பட்டுக் குறைந்துவருவதாக ஊரார் சொல்கிறார்கள். பறிக்காதீர்கள், தோண்டாதீர்கள். செடி முழுவதும் நஞ்சு."

தலைமையாசிரியர் கடைசி வரியில் நின்றுவிட்டார். "நஞ்சா? கிழங்கைத் தின்னா?"

"உயிரே போகும் சார்."

"ஆறாவது பசங்க விளையாடுற இடம் சார் அது! அப்ப கொடியையே எடுத்துடலாமா?"

அழிந்துவரும் மலர் என்று போடச் சொன்னவர். தை பிறப்பதற்குள் கொடி தானாகக் காய்ந்துவிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும், அதுவரை சுற்றிக் கம்பி வலை அடித்தால் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வலைக்கு எவ்வளவு ஆகும் என்று நாளை கேட்டுச் சொல்ல வேண்டும். பலகை அதற்கப்புறம்தானாம்.