பழைய காரின் ரேடியேட்டரை எப்போது மாற்றுவது?

குளச்சல், முட்டம் பக்கம் நிற்கும் கார்களில் இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று சீக்கிரம் அரித்துவிடும். இன்ஜின் ஆறியபின் அந்தத் தகடுகளின் கீழ்ப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள்.

வடசேரி நெரிசலில் மட்டும் சூடேறினால் பெரும்பாலும் ஃபேன் கோளாறு. ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எதிரே சீராக ஓடும்போதும் வெப்பமானி முள் ஏறினால் ரேடியேட்டரின் உள்குழாய் அடைப்பைச் சந்தேகிக்கலாம். ரேடியேட்டரை மாற்றும் முன், சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு.

ரேடியேட்டரோடு சேர்ந்த பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பில் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) கசிந்த கறையா? பசை பூசி ஓட்டாதீர்கள், அழுத்தம் ஏறியதும் மறுபடி விட்டுவிடும். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்து அடைக்கலாம்.

புதிது மாட்டும்போது ஊறிப்போன ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். தண்ணீர் கலக்காத கூலன்ட் என்றால் அதுவும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உள்ளே காற்று நின்றுவிடாமல் வெளியேற்றி, ஆறியதும் அளவைப் பார்த்து நிரப்புங்கள்.