வேர்க்குரு என்று நினைத்து ஒரு மாதம் போனது

ஏப்ரல் கடைசியில் விடுதியிலிருந்து வந்த மகன் இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தான். காட்பாடியில் அந்த வெயிலுக்கு யாருக்குத்தான் வேர்க்குரு வராது? பவுடர் போட்டேன். மாமியார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினோம். நாலு நாள் அரிப்பு அடங்கியது, அப்புறம் இன்னும் மோசமாகத் திரும்பியது. அதில் ஸ்டீராய்டு இருந்தது. அது அரிப்பை மட்டும் அமுக்கும், அரிப்புக்குக் காரணமான சிரங்குப் பூச்சியை ஒன்றும் செய்யாது என்று பின்னால்தான் தெரிந்தது.

மூன்று வாரத்தில் எனக்கும் ஆரம்பித்தது. பகலில் அவ்வளவாகத் தெரியாது. இரவில் படுத்தால் விரலிடுக்கு, மணிக்கட்டு, பாவாடை நாடா கட்டும் இடம் என்று பிடுங்கி எடுக்கும். வேர்க்குரு விரலிடுக்கில் வருமா? இது தோன்றிய மறுநாளே மகனைக் கூட்டிக்கொண்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

டாக்டர் அவன் விரல்களை விரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். பென்சிலால் லேசாகக் கீறியது போல, சாம்பல் நிறத்தில் வளைந்த சின்னக் கோடு. பெண் பூச்சி தோலைக் குடைந்து முட்டையிட்டுக்கொண்டே போகும் வழி அது. "சிரங்கும்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வேளை குளிக்கிற வீடு எங்களுடையது. குளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒன்றாகப் படுத்து உடம்போடு உடம்பு ஒட்டினாலே பரவும் என்றார். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தெரியவே இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகுமாம். அதனால் அரிக்காதவர் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

நான் கோட்டைவிட்டது அங்கேதான். அவர் எழுதிக் கொடுத்தது பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு, பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 30 கிராம். நகத்தை ஒட்ட வெட்டி, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, தொப்புள், நகக்கண், பிட்டம் எதையும் விடாமல் பூசிக்கொண்டு படுத்தோம். ஒன்றரை வயது மகளுக்குத் தலையிலும் முகத்திலும், கண்ணையும் வாயையும் விட்டுவிட்டுப் பூசச் சொல்லியிருந்தார். விரல் சூப்புவாள் என்று கைக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டேன். நடுராத்திரி அவளுக்குப் பால் கலக்கக் கை கழுவியதும் என் கையில் மறுபடி பூசிக்கொண்டேன். காலையில் குளியல். போர்வை, தலையணை உறை, துணிகளைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து மொட்டை மாடியில் போட்டேன். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் ஒரு வாரம் கட்டி வைத்தேன். மனித உடம்பை விட்டால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் அந்தப் பூச்சி தாங்காது. ஏழு நாள் கழித்து இன்னொரு முறை பூசினோம்.

மாமியார் மட்டும் இரண்டு தடவையும் பூசவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

பத்து நாளில் மகளின் உள்ளங்காலில் புதுக் கொப்புளங்கள். அவள் தூங்குவது பாட்டி பக்கத்தில். அன்று ராத்திரி மாமியாரிடம் தனியாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இடுப்புல ஒரு மாசமா அரிக்குது, உன்கிட்ட சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை, ஒரு மாதமாகப் பக்கத்தில் இருந்தும் கேட்காத என் மேல்தான் வந்தது. டாக்டரிடம் சொல்லி மறுபடி ஐந்து பேருக்கும் முதலிலிருந்து தொடங்கினோம். மாமியாரின் முதுகிலும் இடுப்பிலும் நானே பூசிவிட்டேன்.

அதற்கப்புறமும் மூன்று வாரம் அரித்தது. பயந்துபோய் இன்னொரு தடவை பூசப் பார்த்தேன், டாக்டர் தடுத்தார். பூச்சி செத்தாலும் அதன் மிச்சத்துக்கு ஏற்பட்ட ஒவ்வாமை அடங்க நாலு வாரம் வரை ஆகலாம், புதுக் கொப்புளம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். வரவில்லை.

விடுதிக்குச் சொல்ல என் கணவருக்குத் தயக்கம். நானே காப்பாளருக்குப் போன் செய்தேன். மகன் அறையில் இருக்கும் மற்ற பையன்களின் வீடுகளுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார். அதில் இரண்டு பேர் வீட்டிலும் வேர்க்குரு என்றுதான் நினைத்திருந்தார்களாம்.