சாமி இல்லாத ஊர்ப் பெண்

என் அம்மா வேலூரில் பிறந்தவள். 1974-ல் கல்யாணமாகிக் கும்பகோணத்துக்கு வந்தாள். தெருவுக்கு ஒரு கோயிலும் கோயிலுக்கு ஒரு குளமுமாக இருக்கிற ஊரில், "மருமக எந்த ஊரு?" என்று யார் கேட்டாலும் எங்கள் அப்பாயி ஒரே பதில்தான் சொல்வாராம். "வேலூரு. கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணி இல்லை. சாமி இல்லாத ஊர்ல பொண்ணு எடுத்திருக்கோம்."

சும்மா சொல்லக் கூடாது, அப்போது அது உண்மைதான். கோட்டைக்குள் ஏழு நிலைக் கோபுரம் இருந்தது, பார்ப்பவர் வாய்பிளக்கும் கல்யாண மண்டபம் இருந்தது, ஜலகண்டேஸ்வரர் மட்டும் இல்லை. கோட்டை கைமாறிக் கைமாறிப் போன காலத்தில் வெளியே போன சாமி திரும்பவில்லை. நானூறு வருஷமாகப் பூஜையே இல்லை என்பார்கள். அம்மா பாவாடை சட்டை போட்டிருந்த வயதில் தோழிகளோடு அங்கே விளையாடப் போவாளாம். கருவறை வாசலில் நின்று கத்தினால் எதிரொலி வரும், வௌவால் பறக்கும், எல்லோரும் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு நாள் இவள் மட்டும் ஓடவில்லை. அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ வந்துடு. உன் விளக்குக்கு நான் எண்ணெய் கொண்டாரேன்" என்று வேண்டிக்கொண்டாள். வயது பத்தோ பதினொன்றோ.

அவர் வந்துவிட்டார். 1981 மார்ச் 16-ஆம் தேதி, பக்கத்துச் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். பள்ளித் தோழி ஒருத்தி இன்லண்ட் லெட்டரில் நாலு வரி எழுதியிருந்தாள். வராதது அம்மாதான். தாத்தா ரிட்டயராகிப் பெங்களூருக்கு மாமாவோடு போய்விட்டார், வேலூரில் நமக்கென்று வீடு இல்லை. கையில் நான், அப்புறம் தம்பி, அப்பாவின் கடை, அப்பாயி படுக்கையில் விழுந்த மூன்று வருஷம், பிறகு அப்பா. 2021 நவம்பர் மழையில் பாலாறு கரைபுரண்டு ஓடியதையும், அகழித் தண்ணீர் கோயிலுக்குள் புகுந்ததையும் டிவியில் காட்டினார்கள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "சாமி வந்தாச்சு. ஆத்துல தண்ணியும் வந்தாச்சு. ராஜாவும் நானும்தான் பாக்கி."

அதற்கப்புறமும் நான்கு வருஷம் இழுத்தடித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இந்தப் பங்குனியில்தான் வேளை வந்தது. எனக்கு வேலூர் முதல் தடவை. கையில் இரண்டே நாள். ஒரு தாளில் திட்டம் போட்டேன். கோட்டைக் கோயில், ஸ்ரீபுரம் தங்கக் கோயில், இரத்தினகிரி முருகன், விரிஞ்சிபுரம், நேரமிருந்தால் வள்ளிமலை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தங்கக் கோயிலில் நட்சத்திர வடிவப் பாதையிலேயே ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்கணும், செல்போனை வெளியிலேயே கொடுத்துவிடணும் என்றாள் நாத்தனார். வள்ளிமலைப் படியை வெயிலுக்கு முன்னே ஏறிவிடு என்றார் பக்கத்து வீட்டு மாமா. அம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். "கோட்டையை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை அடிச்சுடு" என்றாள். முழங்கால் தேய்ந்த எழுபத்தோரு வயது. அவள் சொன்னதுதான் சரி. முதல் தடவை போகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். இரண்டு நாளில் ஐந்து கோயில் என்று ஓடினால் கடைசியில் செருப்பு விடும் இடம்தான் ஞாபகமிருக்கும்.

பயணத்துக்கு அவள் எடுத்துவைத்தது ஒரே சாமான், பித்தளைத் தூக்கு. அதில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் இரண்டு லிட்டர். பிளாஸ்டிக் கேனில் ஊற்றிக்கலாமே என்றால் கேட்கவில்லை. விழுப்புரத்தில் பஸ் மாறி, திருவண்ணாமலை தாண்டியதும் ஒரு வேகத்தடையில் மூடி கழன்றது. என் புடவை, பை, முன்சீட்டுக்காரரின் செருப்பு எல்லாம் எண்ணெய். அவர் திட்டியதை எழுத முடியாது. அம்மா தூக்கை மடியில் வைத்து முந்தானையால் வாயைக் கட்டி, வேலூர் வரைக்கும் கையை எடுக்கவில்லை. கால்வாசி போய்விட்டது.

வேலூரில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். வெளியூர் முகம் என்றால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்பதுதான் அங்கே கணக்கு. நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிற ஊர், பெயர்ப் பலகைகளே வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. ஒருவர் அம்மாவின் நடையைப் பார்த்துவிட்டு, "மாஜி, ஹாஸ்பிடல்? ரூம்?" என்று பையைப் பிடித்தே விட்டார். அம்மா நின்று திரும்பினாள். "நான் இந்த ஊர்லயே பொறந்தவ. பையை விடுப்பா." அவர் சிரித்துக்கொண்டே விட்டார், ஆனால் கோட்டைக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்பதை விடவில்லை. அறை வாடகையிலும் அப்படித்தான். போனில் சொன்னது ஒன்று, சாவி கொடுக்கும்போது சொன்னது ஒன்று.

அன்று பிரதோஷம். நான் நல்ல நாளாகப் பார்த்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்! அகழியைக் கடந்து கோட்டை வாசலுக்குள் நுழைந்தபோது அம்மாவின் நடையே மாறியிருந்தது. வழியெல்லாம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். 1806-ல் சிப்பாய்கள் கிளர்ந்த கோட்டை இதுதானே என்று நான் கேட்டதற்கு, "ஆமா, ஆமா, இங்கதான் என் வளையல் விழுந்துச்சு" என்றாள். உள்ளே கூட்டம் நெரிந்தது. நந்தி அபிஷேகம் பார்க்க மூங்கில் தட்டிபோல ஆட்கள் நெருங்கி நின்றார்கள். வரிசையில் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், முன்னாலிருப்பவர் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார், ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. தூக்கைப் பார்த்த ஒருவர், "எண்ணெயை எங்கயாவது ஊத்திட்டு நகரும்மா, வழியை அடைக்காதீங்க" என்றார். எங்கயாவது! அறுபது வருஷத்து எண்ணெய். சந்நிதியைத் தாண்டும்போது எனக்குத் தெரிந்தது ஒருவரின் தோளும் ஒரு தீபாராதனைத் தட்டின் விளிம்பும்தான். அம்மாவுக்கு அதுவும் தெரியவில்லை. எண்ணெயும் தூக்கிலேயே இருந்தது.

ராத்திரி அறையில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். "அவர் நானூறு வருஷம் காத்திருந்தார், நான் ஒரு ராத்திரி இருக்கமாட்டேனா" என்றாள் விளக்கை அணைத்தபிறகு.

மறுநாள் விடிகாலை நடை திறக்கும்போதே போய்விட்டோம். முந்தின நாள் பார்த்த கோயிலா இது என்றிருந்தது. கல் குளிர்ந்து கிடந்தது, புறா மட்டும்தான் சத்தம். கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும், ஒரு பக்கம் மறைத்தால் காளையாகவும் மறுபக்கம் மறைத்தால் யானையாகவும் தெரிகிற அந்தச் சிற்பத்தையும் நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். வழி கேட்கவில்லை. கை சுவரைத் தடவிக்கொண்டு போயிற்று.

சந்நிதி வாசலில் ஓரிடத்தில் நின்றாள். அவள் சிறுமியாக நின்ற இடம் அதுதானாம். கைகூட கூப்பவில்லை. கண்ணை மூடவும் இல்லை. நேரே பார்த்தாள். உள்ளே விபூதிப் பட்டையும் வில்வமுமாக அவர். பக்கத்தில் விளக்கு. குருக்கள் தூக்கைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தார். நான்தான் சொன்னேன், அம்மாவுக்குக் குரல் வரவில்லை. அவர் வேறொன்றும் கேட்காமல் தூக்கை வாங்கிக்கொண்டு போய், எரிகிற விளக்கில் எங்கள் எண்ணெயை ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டார். சுடர் ஒரு விரற்கடை எழும்பியது. லிங்கத்தின் நெற்றி பளிச்சென்று தெரிந்தது.

"இங்க ஒண்ணுமே இல்லடி" என்றாள் அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு. "இருட்டு. வெறும் இருட்டு. அங்க பாரு, அங்க பாரு இப்ப." அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டி, விளக்கு இரண்டாகவும் நாலாகவும் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. யாரும் நகரச் சொல்லவில்லை. அப்பனே, ஜலகண்டேஸ்வரா, அந்த அரைமணி நேரத்தை எங்களுக்கென்று நீ ஒதுக்கி வைத்திருந்தாய். எண்ணெயில் கால்வாசியை வழியில் எடுத்துக்கொண்டதும் நீதான், முந்தின நாள் கூட்டத்தில் எங்களைத் தள்ளிவிட்டதும் நீதான். அந்த நெரிசலில் ஊற்றியிருந்தால் இந்தச் சுடரைப் பார்த்திருப்போமா? என் பிள்ளையின் வேலை, வீட்டுக் கடன் என்று மனசில் ஒரு பட்டியலே வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அகிலாண்டேஸ்வரியின் முன்னால் நின்றபோதுகூட வரவில்லை.

பிறகு விரிஞ்சிபுரமும் போனோம். அம்மாவே கேட்டாள். பெங்களூர் சாலையில் பஸ்ஸில் அரைமணி. மிளகு வியாபாரிக்குக் காவலாக வழியில் கூடவே போன மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர். ஊருக்குத் திரும்புகிற நாளில் பார்க்க வேண்டிய சாமிதான். கார்த்திகைக் கடைசி ஞாயிறு என்றால் சிம்மதீர்த்தத்தில் பிள்ளைவரம் வேண்டி வரும் பெண்களின் கூட்டம் நிற்கும். அன்று ஆளே இல்லை. எங்கள் பக்கத்தில் மன்னார்குடி மதிலழகு என்போம், இங்கே விரிஞ்சிபுரம் மதிலழகு என்கிறார்கள். மதிலைப் பார்த்தால் சண்டைக்குப் போகத் தோன்றவில்லை. ஸ்ரீபுரமும் இரத்தினகிரியும் அடுத்த தடவைக்கு.

பஸ் ஏறுமுன் அம்மா மார்க்கெட்டில் முள்ளு கத்திரிக்காய் இரண்டு கிலோ வாங்கினாள். காலியான தூக்கில் அதைத்தான் திணித்துக்கொண்டு வந்தோம், மிச்சம் என் பையில்.

வீடு வந்து சேர இரவு பதினோரு மணி. கால் கழுவியவள் உட்காரக்கூட இல்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் அப்பாயி படத்தின் கீழே நின்று, திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கண்ணாடியில் ஒரு கீற்று இட்டாள்.

"இந்தாங்க அத்தை" என்றாள். "எங்க ஊரு சாமி துன்னூறு."