கேஷ் ஹிட் 90 காட்டுது, ஆனா ஹார்டு டிஸ்க் ஏன் கரகரன்னு அலையுது? பிகேஷ் முடிச்சு அவிழ்ந்த கதை

ஒருவழியா பிடிபட்டுச்சு. நாஸ்ல (வீட்டு நெட்வொர்க்ல எல்லாருக்கும் ஃபைல் குடுக்கிற பெட்டி) எஸ்எஸ்டி கேஷ், அதாவது அடிக்கடி படிக்கிறதை வேகமான எஸ்எஸ்டில காப்பி வச்சுக் குடுக்கிற ஏற்பாடு, போட்டதுல இருந்தே ஒரே குடைச்சல். ஸ்டாட்ஸைப் பார்த்தா ஹிட் ரேஷியோ (கேட்டது கேஷ்லயே கிடைச்ச சதவீதம்) 90-க்கு மேல அழகா நிக்குது, ஆனா போட்டோ லைப்ரரியைத் திறந்து வேகமா ஸ்க்ரோல் பண்ணா நாலு ஹார்டு டிஸ்க்கும் ஹெட் அலையுற சத்தம் கேக்குது, தம்ப்நெய்ல் எல்லாம் சாம்பல் கட்டமா நின்னு ஒவ்வொண்ணா நிரம்புது. 90 சதவீதம் எஸ்எஸ்டில இருந்து வருதுன்னா டிஸ்க்குக்கு அங்க என்ன வேலை? இதுக்குப் பதில் கிடைச்சிருச்சு, இதே மாதிரி மண்டையை உடைச்சிட்டு இருக்கிறவங்க நிறைய பேர் இருப்பாங்கன்னு தெரியும், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

செட்டப் சிம்பிள். சொந்தமா அசெம்பிள் பண்ண லினக்ஸ் பெட்டி, நாலு 7200 ஆர்பிஎம் டிஸ்க் எம்டி ரெய்டு 5-ல (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கிற மாதிரி லினக்ஸே நாலையும் சேர்க்கிறது), அதுக்கு மேல பிகேஷ் (எஸ்எஸ்டியை டிஸ்க்குக்குக் கேஷா வைக்கிற லினக்ஸ் கெர்னல் வசதி), அதுக்கு மேல இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். கேஷுக்குப் போட்டது பழைய லேப்டாப்ல இருந்து கழட்டின 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, உள்ள தனி டிரேம் மெமரி இல்லாத மலிவு டைப். மோடு ரைட்த்ரூ, அதாவது எழுதுறது உடனே டிஸ்க்குக்கும் போயிரும். லினக்ஸ்ல இருக்கிற இன்னொரு கேஷ் வசதியான எல்விஎம் கேஷும் போட்டுப் பார்த்திருக்கேன், நல்லாதான் இருக்கு, ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு எட்டிப் பார்க்க பிகேஷ் அளவுக்கு வசதி வேற எதுலயும் எனக்குக் கிடைக்கல, சிஸ்எஃப்எஸ்ல (கெர்னல் தன் நிலவரத்தை ஃபைலா காட்டுற டைரக்டரி) எல்லா எண்ணும் ஒரு கேட் கமாண்ட் தூரத்துல இருக்கு. 2013-ல 3.10 கெர்னல்ல உள்ள வந்த சரக்கு, இன்னிக்கும் ஓடுது. சூப்பர்பிளாக் (டிஸ்க் தொடக்கத்துல அமைப்பு விவரம் இருக்கிற பகுதி) எழுதுறது, அட்டாச் பண்றது எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், அதை விட்டுடறேன்.

முதல்ல இந்த ஹிட் ரேஷியோ எண்ணைப் பத்தி. பிகேஷ் ஒவ்வொரு ரீடையும் ரெண்டு வகையாப் பிரிக்குது, கேஷுக்குப் போக வேண்டியது, கேஷைத் தாண்டி நேரா டிஸ்க்குக்குப் போக வேண்டியது. ரெண்டாவது வகைதான் பைபாஸ். ஹிட் ரேஷியோ கணக்குல முதல் வகை மட்டும்தான் சேருது. பைபாஸ் ஆனதோட ஹிட், மிஸ் ரெண்டும் தனி ஃபைல்ல இருக்கு. அதாவது நூறு ரீடுல எண்பது பைபாஸ் ஆகி டிஸ்க்குக்குப் போயி, மீதி இருபதுல பதினெட்டு எஸ்எஸ்டில கிடைச்சா உங்க திரையில 90 சதவீதம்தான் தெரியும். எண் பொய் சொல்லல, ஆனா அது முழுக்கதையும் இல்ல. அஞ்சு நிமிஷ ஸ்டாட்ஸ் டைரக்டரிக்குள்ள பைபாஸ்ட்னு ஒரு ஃபைல் இருக்கு, எத்தனை மெகாபைட் கேஷைத் தொடாமப் போச்சுன்னு சொல்லும். ஒரு டெர்மினல்ல அதை வாட்ச் போட்டு வச்சிட்டு இன்னொரு பக்கம் தம்ப்நெய்ல் ஸ்க்ரோல் பண்ணேன். ஒவ்வொரு ஸ்க்ரோலுக்கும் அந்த எண் ஏறுது. தம்ப்நெய்ல் ஒவ்வொண்ணும் சில பத்து கேபிதான், 4 எம்பி சீக்வென்ஷியல் கட்ஆஃப்கிட்டகூட (தொடர்ச்சியா இதுக்கு மேல படிச்சா பைபாஸ்ங்கிற வரம்பு) வராது, அப்புறம் எதுக்கு பைபாஸ்?

இன்னொரு தடயம் பிரயாரிட்டி ஸ்டாட்ஸ். கேஷ் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பார்க்க நிறைய பேர் கேஷ் அவைலபிள் பர்சென்ட்னு இருக்கிற ஃபைலைத்தான் பார்க்கிறாங்க, அது டர்ட்டி டேட்டா (எஸ்எஸ்டில எழுதியாச்சு, டிஸ்க்குக்கு இன்னும் போகல) இல்லாத இடத்தைத்தான் சொல்லுது, ரைட்த்ரூல எழுதினது எல்லாம் க்ளீன்தான், அதனால அந்த எண்ணை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. எஸ்எஸ்டியோட டைரக்டரிக்குள்ள இருக்கிற பிரயாரிட்டி ஸ்டாட்ஸ்லதான் அன்யூஸ்ட்னு உண்மையான காலி இடம் தெரியும். என்கிட்ட அது 70 சதவீதத்துக்குப் பக்கத்துலயே நின்னுட்டு இருந்துச்சு. பல டெராபைட் டேட்டா கீழ இருக்கு, தினமும் படிக்கிறோம், ஆனா 256 ஜிபில முக்கால்வாசி காலி. அப்பதான் உறைச்சுது, புது டேட்டாவை உள்ள விடாம யாரோ வாசல்ல தடுக்கிறாங்கன்னு.

தடுக்கிறது கன்ஜெஷன் த்ரெஷோல்டு, அதாவது நெரிசல் வரம்பு. எஸ்எஸ்டி எவ்வளவு நேரத்துல பதில் சொல்லுதுன்னு பிகேஷ் அளந்துட்டே இருக்கும், ரீடுக்கு 2000 மைக்ரோசெகண்ட், ரைட்டுக்கு 20,000 மைக்ரோசெகண்ட், இதைத் தாண்டினா எஸ்எஸ்டி திணறுதுன்னு முடிவு பண்ணி பைபாஸ் வரம்பைப் படிப்படியாக் கீழ இறக்கிரும். 4 எம்பிக்கு மேல போனாதான் பைபாஸ்னு நாம நினைச்சிட்டு இருப்போம், நெரிசல் நேரத்துல அந்த வரம்பு ரொம்பக் கீழ வந்து சின்ன ரீடுகூட பைபாஸ்ல மாட்டிக்கும். ஏற்கனவே எஸ்எஸ்டில இருக்கிற டேட்டான்னா பைபாஸ் முத்திரை விழுந்தாலும் எஸ்எஸ்டில இருந்தே குடுத்துரும், அது பிரச்சனை இல்ல. இல்லாத டேட்டான்னா டிஸ்க்ல இருந்து படிச்சுக் குடுத்துட்டு எஸ்எஸ்டில காப்பி வைக்காம விட்டுரும். அடுத்த தடவை அதே படத்தைத் திறந்தாலும் டிஸ்க்குதான், அதுக்கு அடுத்த தடவையும் டிஸ்க்குதான். டிரேம் இல்லாத பழைய எஸ்எஸ்டில பின்னாடி ரைட் ஓடிட்டு இருக்கும்போது நடுவுல வர்ற ரீடு 2 மில்லிசெகண்டைத் தாண்டுறது சகஜம். கேஷ் காலியா இருக்கிற ஆரம்பக் கட்டத்துலதான் மிஸ் அதிகம், மிஸ் ஆக ஆக எஸ்எஸ்டிக்கு ரைட் அதிகம், ரைட் கூடினா ரீடு தாமதம், தாமதம் ஆனா நெரிசல்னு வாசலைச் சாத்திரும். கேஷ் நிரம்ப வேண்டிய நேரத்துலயே நிரம்ப விடாம ஒரு வட்டம் சுத்திட்டு இருந்திருக்கு.

இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம், ஒப்பிடுறது எதோடன்னு பாருங்க. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுத்து சுத்தவே 8.3 மில்லிசெகண்ட் ஆகுது, சராசரியா பாதிச் சுத்துக்குக் காத்திருக்கணும், அது 4.2, அதோட ஹெட் நகர்ற நேரத்தையும் சேர்த்தா ஒரு ரேண்டம் ரீடுக்கு 12 மில்லிசெகண்ட் ஆகிரும். எஸ்எஸ்டி 3 மில்லிசெகண்ட்ல குடுத்தா அது டிஸ்க்கை விட நாலு மடங்கு வேகம், அதைப் போய் திணறுதுன்னு ஒதுக்குறதுல என் மாதிரி ஆளுக்கு ஒரு நியாயமும் இல்ல. ஒரே எஸ்எஸ்டிக்குக் கீழ பெரிய டிஸ்க் வரிசை இருந்து, பெரும்பாலும் பெரிய ஃபைலா ஓடுற இடத்துல இந்தப் பாதுகாப்பு தேவைதான், அங்க எல்லா டிஸ்க்கும் சேர்ந்து குடுக்கிற வேகத்தை அந்த ஒரு எஸ்எஸ்டியால குடுக்க முடியாது. நாலு டிஸ்க் வச்சு போட்டோவும் விஎம் இமேஜும் (விர்ச்சுவல் மெஷினோட டிஸ்க் ஃபைல்) படிக்கிற வீட்டு நாஸுக்கு இது பொருந்தாது.

தீர்வு ரெண்டே வரி, ரீடு த்ரெஷோல்டுலயும் ரைட் த்ரெஷோல்டுலயும் பூஜ்யம் எழுதணும், அவ்ளோதான், அளக்கிறதையே நிறுத்திரும். ஆனா ஒண்ணு கவனிங்க, இந்த ரெண்டு ஃபைலும் சீக்வென்ஷியல் கட்ஆஃப் இருக்கிற இடத்துல கிடையாது. கட்ஆஃப் இருக்கிறது பிகேஷ்0 பிளாக் டிவைஸோட டைரக்டரில, த்ரெஷோல்டு ரெண்டும் இருக்கிறது கேஷ் செட்டோட யூயூஐடி (அடையாள எண்) பேர்ல இருக்கிற தனி டைரக்டரில. இதனாலயே நிறைய பேர் கட்ஆஃபை மட்டும் பூஜ்யம் ஆக்கிட்டு இன்னும் பைபாஸ் ஆகுதேன்னு தலையைப் பிச்சுக்கிறாங்க. கட்ஆஃப் பூஜ்யமா இருந்தாலும் கன்ஜெஷன் சோதனை தனியா ஓடிட்டேதான் இருக்கும்.

மாத்தினதும் ஸ்டாட்ஸை க்ளியர் பண்ணிட்டு, ரேம்ல இருக்கிற பேஜ் கேஷையும் (படிச்ச ஃபைலை லினக்ஸ் தானா ரேம்ல வச்சுக்கிற காப்பி) ட்ராப் பண்ணிட்டு, இல்லன்னா ரேம் வேகத்தைப் பார்த்துட்டு எஸ்எஸ்டி வேகம்னு நாம சந்தோஷப்பட்டுட்டு இருப்போம், திரும்ப லைப்ரரியைத் திறந்தேன். முதல் தடவை டிஸ்க் சத்தம் இருந்துச்சு, அது நியாயம்தான், அப்பதான் படிச்சு உள்ள வைக்குது. ஹிட் ரேஷியோ சடார்னு கீழ விழுந்துச்சு, அதுவும் நல்ல சேதி, இத்தனை நாள் கணக்குலயே வராத மிஸ் எல்லாம் இப்ப கணக்குல வருது. மறுபடி பேஜ் கேஷை ட்ராப் பண்ணிட்டுத் திறந்தா டிஸ்க் அமைதி, பைபாஸ்ட் எண் அசையவே இல்ல, தம்ப்நெய்ல் எல்லாம் ஸ்க்ரோல் பண்ற கையோட வந்து நிக்குது. மொத்த ஃபோல்டருக்கும் டியூ (அளவு கணக்கு பார்க்கிற கமாண்ட்) போட்டா முன்னாடி எழுந்து வேற வேலை பார்த்துட்டு வரலாம், இப்ப சில செகண்டுல முடியுது. அன்யூஸ்ட் எண்ணும் நாளுக்கு நாள் இறங்குது. ஹிட் ரேஷியோ மெதுவா மேல ஏறிட்டு இருக்கு, இப்ப அது நிஜமான எண்.

கட்ஆஃபை நான் 4 எம்பிலயே விட்டுட்டேன், இதுல எனக்கு உறுதியான அபிப்ராயம் இருக்கு. அதையும் பூஜ்யம் ஆக்குங்கன்னு சொல்றவங்க ராத்திரி பேக்கப் ஓடும்போது என்ன ஆகும்னு யோசிக்கணும், வீடியோ ஃபைல் எல்லாம் எஸ்எஸ்டி வழியா வந்து, பகல் முழுக்க சேர்ந்த சின்ன ஃபைலை எல்லாம் வெளிய தள்ளிரும். கிகாபிட் நெட்வொர்க்ல கோட்பாட்டளவுல செகண்டுக்கு 125 எம்பிதான், பெரிய ஃபைலை ஒரே ஒரு டிஸ்க்கே அந்த வேகத்துல குடுத்துரும், அதுக்கு எஸ்எஸ்டி வேண்டாம். எம்டி ரெய்டோட செக் (எல்லா டிஸ்க்கையும் படிச்சுச் சரிபார்க்கிறது) ஓடும்போது கேஷ்ல இருக்கிறது வெளிய தள்ளப்படாது, அது பிகேஷுக்குக் கீழ நடக்கிற வேலை. இஎக்ஸ்டி4-க்குப் பதிலா பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வச்சிருந்தா அதோட சரிபார்ப்பான ஸ்க்ரப் பிகேஷ் வழியாத்தான் போகும், அதை மனசுல வச்சுக்கோங்க.

ஒரே எரிச்சல், இந்த த்ரெஷோல்டு ரெண்டும் ரீபூட் ஆனா பழையபடி 2000, 20,000-க்குப் போயிரும். கேஷ் மோடு சூப்பர்பிளாக்ல சேமிச்சு வைக்கப்படுது, இது ஏன் இல்லன்னு புரியல. பூட் ஆரம்பத்துலயே எழுதப் பார்த்தா கேஷ் செட் இன்னும் பதிவாகாம ஃபைலே இருக்காது, அதனால மவுன்ட் ஆன பிறகு ஓடுற மாதிரி சின்ன சிஸ்டம்டி சர்வீஸ் (லினக்ஸ் பூட் ஆகும்போது தானா ஓடுற வேலை) எழுதிட்டேன், ஓடி முடிச்சதும் அதே ஃபைலைத் திரும்பப் படிச்சு பூஜ்யம்தானான்னு சரிபார்த்து லாக்ல எழுதும்.

ரெடிமேட் நாஸ் வச்சிருக்கிறவங்களுக்கு இதுல எந்தத் திருகாணியும் கையில கிடைக்காது, சினாலஜில சீக்வென்ஷியலைத் தவிர்க்க ஒரு டிக் பாக்ஸ், டிஎஸ்எம் 7-ல பிடிஆர்எஃப்எஸ் மெட்டாடேட்டாவை (ஃபைல் பேர், இடம் மாதிரி விவரம்) எஸ்எஸ்டில நிறுத்தி வைக்க ஒரு ஆப்ஷன், அந்த ரெண்டாவதுதான் என் கண்ணுல படுது, அது பிகேஷ்ல இருந்தா எவ்வளவு நல்லாருக்கும். இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்காரங்க அதோட எஸ்எஸ்டி கேஷான எல்2ஆர்க் மெதுவா நிரம்புதுன்னு புலம்புறதும் இதே வகைதான், அங்க செகண்டுக்கு 8 எம்பின்னு ஒரு வரம்பு ரொம்ப காலம் டிஃபால்ட்டா இருந்துச்சு, 2020-ல ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0 வர்ற வரைக்கும் ரீபூட் பண்ணா நிரம்பினதும் போயிரும்.

இப்ப எஸ்எஸ்டி வாங்குற கட்டம். ரீடு கேஷ்தானே, எஸ்எஸ்டி தேயாதுன்னு சொல்றாங்க, அது சரியில்ல, ஒவ்வொரு மிஸ்ஸும் எஸ்எஸ்டில ஒரு ரைட். த்ரெஷோல்டை எடுத்த பிறகு ஸ்மார்ட்ல (டிரைவ் தன் நிலைமையைச் சொல்ற அறிக்கை) மொத்தம் எழுதின எல்பிஏ (512 பைட் துண்டு) எண்ணிக்கை முன்னைவிட வேகமா ஏறுது, அதை 512-ஆல பெருக்கினா பைட் கணக்கு வந்துரும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டின்னா பார்க்க வேண்டியது டேட்டா யூனிட்ஸ் ரிட்டன், அங்க ஒரு யூனிட் 5,12,000 பைட், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அடுத்து ரைட்பேக் (முதல்ல எஸ்எஸ்டில எழுதிட்டு, பிறகு டிஸ்க்குக்கு அனுப்புற மோடு) போகணும்னு ஆசை, ஆனா ஒத்தை எஸ்எஸ்டில ரைட்பேக் கூடவே கூடாது, டர்ட்டி டேட்டாவோட அது செத்தா கீழ இருக்கிற ரெய்டு முழுசா நல்லா இருந்தாலும் ஃபைல் சிஸ்டம் காலி. பிகேஷே மிரர் பண்ணாது, அதனால ரெண்டு எஸ்எஸ்டியை எம்டி ரெய்டு 1 (ரெண்டுலயும் ஒரே காப்பி, அதாவது மிரர்) ஆக்கி அதைக் கேஷாக் குடுக்கப் போறேன். பவர் போனா உள்ள இருக்கிறதை எழுதி முடிக்க கெபாசிட்டர் வச்ச, டேட்டா சென்டர்ல ஓடி வெளிய வந்த பழைய எஸ்எஸ்டிதான் தேடுறேன், புது சாதா எஸ்எஸ்டியை விட இந்த வேலைக்கு அது எவ்வளவோ மேல், விக்கிறவர்கிட்ட ஸ்மார்ட் அவுட்புட்டை முழுசாக் கேட்டு வாங்கிப் பாருங்க, பாதி மறைச்சு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறவங்ககிட்ட வாங்காதீங்க.

ரெண்டும் ஒரே மாடலா இருக்கக் கூடாதுங்கிறதுலயும் பிடிவாதமா இருக்கேன். 2019 நவம்பர்ல சர்வர் கம்பெனியான ஹெச்பிஇ தன்னோட சில எஸ்ஏஎஸ் (சர்வர்ல வர்ற இணைப்பு வகை) எஸ்எஸ்டி சரியா 32,768 மணி நேரம் ஓடினதும் மொத்தமா செத்துரும்னு அறிவிச்சு ஃபர்ம்வேர் விட்டுச்சு, அப்டேட் பண்ணாம ஒரே நாள்ல ஆன் பண்ண ரெண்டு டிரைவை மிரர் போட்டிருந்தா ரெண்டும் சேர்ந்தே போயிருக்கும். ஒண்ணு பார்த்து வச்சாச்சு, ஜோடிக்கு வேற கன்ட்ரோலர் உள்ளதா ஒண்ணு தேடிட்டு இருக்கேன்.

அது வர்றதுக்குள்ள இன்னொண்ணை நோண்டணும். பிகேஷ் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் (ஓடிட்டு இருக்கிற ப்ராசஸ் இல்லன்னா த்ரெட்) ரீடு அளவோட சராசரி ஒண்ணு வச்சிருக்கு, அந்தச் சராசரி கட்ஆஃபுக்கு மேல இருக்கிற வரைக்கும் அந்த டாஸ்க்கோட சின்ன ரீடும் பைபாஸ்தான். நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற சாம்பால ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனி ப்ராசஸ், அதனால ஒருத்தர் பெரிய வீடியோவை காப்பி பண்ணிட்டே அதே கம்ப்யூட்டர்ல போட்டோவும் பார்த்தா என்ன ஆகுதுன்னு பைபாஸ் எண்ணை வச்சுப் பார்க்கப் போறேன். ஃபைல் பகிர்ற இன்னொரு முறையான என்எஃப்எஸ்ல கெர்னல் த்ரெட் எல்லாருக்கும் பொது, அங்க வேற மாதிரி வரும்னு எதிர்பார்க்கிறேன். ரெண்டுக்கும் ஒரே ஃபோல்டர், ஒரே ஃபைல் வரிசை வச்சு டெஸ்ட் ஸ்க்ரிப்ட் பாதி எழுதியாச்சு.