நந்தி மாதிரி குறுக்கே ஒரு ரிக்கவரி பார்ட்டிஷன்

லேப்டாப்பில் இருந்த 256 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பி வழிந்ததால், 1 டிபி ஒன்று வாங்கி, பழையதை அப்படியே க்ளோன் செய்து மாட்டினேன். அதுவரை ஒரு சிக்கலும் இல்லை. விண்டோஸ் திறந்ததும் பார்த்தால், சி டிரைவ் அதே பழைய அளவில், அதே சிவப்புப் பட்டையோடு நிற்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் 690 ஜிபி சொச்சம் 'அன்அலொகேட்டட்' என்று கறுப்புக் கோடு போட்டுச் சும்மா கிடக்கிறது. சரி, ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்தால் முடிந்தது என்று போனால், அந்த வரி மட்டும் மங்கலாகிக் கிடந்தது. அழுத்தவே முடியவில்லை. ஏன் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?

வாங்கிய கடையிலேயே கேட்டேன். “எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா விண்டோஸ் போட்டாதான் சார் ஆகும்” என்றார்கள், அதற்கு ஒரு கூலியும் சொன்னார்கள். திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் இலவசம் என்று சொல்லிக்கொண்ட ஒரு மென்பொருள். பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை, இழுக்கவிட்டது, புது அளவை அழகாகக் காட்டியது. கடைசியில் 'அப்ளை' அழுத்தியதும் லைசென்ஸ் வாங்கு என்று நீட்டியது. முதலிலேயே சொல்லியிருந்தால் அத்தனை நேரம் மிச்சம்.

விஷயம் இதுதான். ஒரு பார்ட்டிஷனை அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் காலி இடத்துக்குள் மட்டுமே டிஸ்க் மேனேஜ்மென்ட் நேராக நீட்டும். என் சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு ரிக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் சரிசெய்யும் கருவிகள் இருக்கும் பகுதி), நந்தி மாதிரி. க்ளோன் செய்யும்போது அதுவும் இருந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை ரைட் கிளிக் செய்தால் 'ஹெல்ப்' என்ற ஒரே வரிதான் வரும், அழிக்க வழி இருக்காது. பெயர்தான் ஹெல்ப்.

அழிப்பதென்றால், கமாண்ட் அடித்து டிஸ்க்கைக் கையாளும் விண்டோஸ் கருவியான டிஸ்க்பார்ட்தான். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருக்கிறதா என்று பார்த்து, அந்த 48 இலக்க ரிக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். இரண்டாவது, பழைய எஸ்எஸ்டியை யுஎஸ்பியில் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள், டிஸ்க்பார்ட்டில் எண்ணை மாற்றி அடித்தால் “நிச்சயமா?” என்று கேட்க ஆள் கிடையாது. மூன்றாவது, அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ரிக்கவரியைத் தற்காலிகமாக நிறுத்தும் ரீஏஜென்ட்சி டிஸேபிள் (reagentc /disable) கொடுக்க வேண்டும். ரிக்கவரிக்கான 'வின்ஆர்இ.விம்' கோப்பு அப்போது சி டிரைவில் சிஸ்டம்32-க்குள் உள்ள ரிக்கவரி ஃபோல்டருக்கு வந்துவிடும். மறைந்திருக்கும் கோப்பு அது. வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. பலர் இதைத் தாண்டிப் போய் அழித்துவிட்டு, பின்னால் ரிப்பேர் திரை வரவில்லை என்று தலையில் கை வைக்கிறார்கள்.

டிஸ்க்பார்ட்டில் வெறும் 'டெலீட் பார்ட்டிஷன்' கொடுத்தால் இது பாதுகாக்கப்பட்டது என்று மறுக்கும். கூடவே 'ஓவர்ரைடு' சேர்த்ததும் போய்விட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ரிஃப்ரெஷ் செய்தேன். 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' பளிச்சென்று கறுத்து நின்றது. அப்பாடா!

இங்கே ஒரு சின்னச் சாமர்த்தியம் வேண்டும். மொத்த இடத்தையும் சி-க்கே எழுதிக் கொடுக்காமல், விஸார்ட் காட்டும் எண்ணில் 1024 எம்பி குறைத்துக் கொடுத்தேன். கடைசியில் மிஞ்சிய அந்த 1 ஜிபியில் புது ரிக்கவரி பார்ட்டிஷன். பழையது 500 எம்பி அளவில்தான் இருந்தது. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், ரிக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாமல் பலருக்கு 0x80070643 என்று பிழை காட்டியது நினைவிருக்கலாம். தாராளமாகவே விடுங்கள்.

புதியதை விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்து, டிஸ்க் ஜிபிடி (பார்ட்டிஷன் பட்டியல் வைக்கும் புதிய முறை) என்றால், இது ரிக்கவரிக்கானது என்று விண்டோஸுக்கு அடையாளம் காட்டும், 'டிஇ94' என்று தொடங்கும் நீளமான ஐடியைக் கொடுக்க வேண்டும். அதை மைக்ரோசாஃப்ட் பக்கத்திலிருந்து காப்பி செய்துகொள்ளுங்கள், கையால் அடிக்காதீர்கள். பிறகு ரீஏஜென்ட்சி எனேபிள்.

'ஆப்பரேஷன் சக்ஸஸ்ஃபுல்' என்று வந்ததும் மூடிவிடாமல் ரீஏஜென்ட்சி இன்ஃபோ கொடுத்துப் பாருங்கள். அதில் வரும் பார்ட்டிஷன் எண் புதியதுடையதாக இருக்க வேண்டும். சி டிரைவின் எண் வந்தால், ரிக்கவரி சி-க்குள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். ஐடியைச் சரிபார்த்து, டிஸேபிள் செய்து, மறுபடி எனேபிள் செய்யுங்கள். எனக்குச் சரியான எண்ணே வந்தது. சி டிரைவ் இப்போது 929 ஜிபி. கடைக்காரர் கேட்ட கூலியும் மிச்சம்.